முதுமைக்கான பொருளாதார ஆதரவு: மூன்று உரிமைகளும் அவற்றின் கணக்கும்

உழைப்பு ஓய்ந்தபின் மனிதர் வாழும் ஆண்டுகள் கூடிவருகின்றன. இந்தியாவில் 60 வயதை எட்டிய ஒருவர் சராசரியாக இன்னும் ஏறக்குறைய 18 ஆண்டுகள் வாழ்கிறார். இது சராசரியே என்பதால் கணிசமானோர் 85 வயதையும் கடந்து வாழ்வர் என்பதைக் கொண்டே எந்தத் திட்டமும் வகுக்கப்பட வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காட்டினர், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி எண்ணிக்கை 1.8. தாங்கப்பட வேண்டியவர்கள் பெருக, தாங்கும் பிள்ளைகள் குறைந்துவரும் இக்காலத்தில், முதுமைக்கான ஆதரவைத் தற்செயலுக்கு விட்டுவிடக் கூடாது. அரசு ஊழியர்களின் ஓய்வூதியம் தனி விதிகளுக்கு உட்பட்டது என்பதால், தனியார் நிறுவனத்தில் அல்லது அமைப்புசாராத் தொழிலில் உழைக்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்களை மனத்தில் கொண்டே இந்த அத்தியாயம் எழுதப்பட்டுள்ளது.

1. ஆதரவின் ஊற்று எது?

முதுமைக்காகச் சேமிப்பது என்றவுடன், இன்றைய பொருள்களில் ஒரு பகுதியை எடுத்துவைத்து நாளை நுகர்வது என்ற எண்ணம் எழுகிறது. ஆனால் 80 வயது மூதாட்டி உண்ணும் அரிசி அண்மையில் விளைந்தது. அவர் விழுங்கும் மாத்திரை அண்மையில் தயாரானது. அவரைக் குளிப்பாட்டும் செவிலியின் உழைப்போ அந்த நாளுக்கே உரியது. இவற்றை 30 ஆண்டுகளுக்கு முன்பே வாங்கிவைக்க இயலாது. ஆகவே எந்த வழியில் வந்தாலும், முதியோருக்கான ஆதரவு அவ்வப்போது உழைத்துக்கொண்டிருக்கும் தலைமுறையின் உற்பத்தியிலிருந்தே வருகிறது. முன்கூட்டியே சேர்க்க முடிவது அந்த உற்பத்தியில் ஒரு பங்கைக் கேட்டுப் பெறும் உரிமையை மட்டுமே.

அவ்வுரிமை மூன்று வகைப்படும். பெற்று வளர்த்த பிள்ளைகளிடம் இருப்பது உறவுவழி உரிமை. வரியிலிருந்தும் கட்டாயப் பங்களிப்பிலிருந்தும் உதவித்தொகையாகவோ ஓய்வூதியமாகவோ கிடைப்பது அரசுவழி உரிமை. 1889-இல் பிஸ்மார்க் காலத்து ஜெர்மனி கொண்டுவந்த முதுமைக் காப்பீட்டுச் சட்டம் இவ்வகைக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. வைப்புநிதி, வீடு, நிலம், நகை, பங்குகள் ஆகியவற்றின் மூலம் வருவது சொத்துவழி உரிமை.

இம்மூன்றும் வெவ்வேறு காரணங்களால் நலிவடைகின்றன என்பதே இந்த அத்தியாயத்தின் அடிப்படைக் கருத்து. பிள்ளையின் வேலையிழப்பு முதல் உரிமையைத் தளர்த்துகிறது. அரசின் நிதிநிலையும் உயர்த்தப்படாத தொகையும் இரண்டாவதைத் தளர்த்துகின்றன. பணவீக்கமும் மோசடியும் நெடிய ஆயுளும் மூன்றாவதைக் கரைக்கின்றன. மூன்றும் ஒரே நேரத்தில் தளர்வது அரிது என்பதால், எது சிறந்தது என்று வாதிடுவதைவிட மூன்றிலும் ஓரளவு உரிமையைச் சேர்ப்பதும், சேர்த்த உரிமையை இறுதிவரை தம் பெயரிலேயே வைத்திருப்பதுமே பாதுகாப்பான வழி.

2. பிள்ளைகள்வழி வரும் ஆதரவு

பெற்றோர் முன்னதாகவே இறந்தால் மிஞ்சிய சொத்து பிள்ளைகளைச் சேர்கிறது. அவர்கள் எதிர்பார்த்ததைவிட நெடிது வாழ்ந்தால் பிள்ளைகள் தாங்குகிறார்கள். எவ்வளவு காலம் வாழ்வோம் என்று அறிய முடியாததால் எழும் ஆபத்துக்கு ‘நீளாயுள் இடர்’ என்று பெயர். லாரன்ஸ் கோட்லிகாஃப், அவியா ஸ்பிவாக் ஆகிய பொருளியலாளர்கள் 1981-இல் எடுத்துக்காட்டியதுபோல, சிறிய குடும்பம்கூட இந்த இடரைத் தன் உறுப்பினர்களுக்குள் கணிசமாகப் பகிர்ந்துகொள்ள வல்லது. மேலும் பணத்தால் வாங்க முடியாத துணையையும் கவனிப்பையும் குடும்பமே தருகிறது.

ஆயினும் பெற்றோருக்கு 75 வயதாகும்போது பிள்ளைக்குப் பெரும்பாலும் 45 முதல் 50 வயது ஆகியிருக்கும்; வீட்டுக் கடனின் தவணையும் பேரப்பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமும் உச்சத்தில் இருக்கும் பருவம் அது. அன்பு குறையாத வீட்டிலும் பணம் குறையக்கூடும் என்பதை உணர்ந்து, தேவை முற்றுவதற்கு முன்பே சில ஏற்பாடுகளைச் செய்துகொள்வது இரு தரப்புக்கும் நிம்மதி தரும். தேவைப்படும்போது கேட்டு வாங்குவதைவிட, மாதந்தோறும் குறித்த நாளில் பெற்றோரின் சொந்தக் கணக்குக்கு ஒரு தொகை தானாகவே செல்லுமாறு வங்கியில் ஏற்பாடு செய்வது பெற்றோரின் தன்மதிப்பைக் காக்கும். உடன்பிறந்தோர் பலர் இருப்பின், பணம் அனுப்புபவரின் பங்கும் உடனிருந்து கவனிப்பவரின் பங்கும் சமமாக மதிக்கப்பட வேண்டும். பெரும்பாலும் மகளோ மருமகளோ ஊதியமின்றிச் செய்யும் கவனிப்புக்கு, ஒரு வீட்டுச் செவிலிக்குத் தர வேண்டிய மாதச் சம்பளத்தை அளவுகோலாகக் கொண்டு செலவைப் பிரித்தால், மனத்தாங்கல்கள் பல தவிர்க்கப்படும்.

ஆதரவு மறுக்கப்படும் நிலையில் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் துணைநிற்கிறது. தம் வருமானத்தாலும் சொத்தாலும் வாழ இயலாத பெற்றோர், கோட்ட அளவிலான பராமரிப்புத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்து மாதம் 10,000 ரூபாய் வரை பெறலாம். பிள்ளையில்லாத முதியோர், தம் சொத்தை அடையவிருக்கும் உறவினரிடம் இவ்வுரிமையைக் கோரலாம். முதியோர் உதவி எண் 14567-இல் இதுபற்றிய வழிகாட்டுதல் கிடைக்கும்.

3. அரசு தரும் உதவித்தொகை

ஆதரவற்ற முதியோருக்கான உதவித்தொகைத் திட்டம் தமிழ்நாட்டில் 1962-இலேயே தொடங்கியது. நாடு தழுவிய திட்டம் 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான் வந்தது. மாநிலத்தில் இத்தொகை 2011-இல் 1,000 ரூபாயாகவும், 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. இதில் மத்திய அரசின் பங்காக வகுக்கப்பட்டது, 60 முதல் 79 வயது வரையிலானவர்களுக்கு 200 ரூபாயும் 80 வயது முதல் 500 ரூபாயும் மட்டுமே. விலைவாசியோடு தானாக உயராத தொகை ஆண்டுதோறும் தேய்கிறது என்பதற்கு இதுவே தெளிவான சான்று. தொகை சிறிதாயினும், அது முதியவரின் சொந்தக் கணக்குக்கு வருவதாலும் வாழ்நாள் முழுவதும் நீடிப்பதாலும், வறிய குடும்பத்தில் முதியவரின் நிலையை உயர்த்துகிறது. தகுதியுடையோர் கூச்சமின்றி விண்ணப்பிக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அதைப் பரிசீலிப்பார்.

கட்டுமானம் முதலிய அமைப்புசாராத் தொழில்களில் உழைப்போர், தத்தம் நல வாரியத்தில் பதிவுசெய்து, பதிவைக் காலந்தவறாமல் புதுப்பித்துவந்தால், 60 வயதில் வாரிய ஓய்வூதியம் கோரலாம். பதிவு காலாவதியானபின் உழைத்த ஆண்டுகளை மெய்ப்பிப்பது கடினம் என்பதால், புதுப்பித்த சான்றைப் பத்திரப்படுத்துவதும் ஒருவகைச் சேமிப்பே.

2015 மே மாதம் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 18 முதல் 40 வயது வரையிலானவர்கள் சேரலாம். 60 வயது முதல் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை, தேர்ந்துகொண்ட அளவில் ஓய்வூதியம் உறுதியாகக் கிடைக்கும். வருமானவரி செலுத்துவோர் 2022 அக்டோபர் முதல் இதில் புதிதாகச் சேர முடியாது. 5,000 ரூபாய் ஓய்வூதியத்துக்கு 18 வயதில் சேர்பவர் மாதம் 210 ரூபாயும் 40 வயதில் சேர்பவர் 1,454 ரூபாயும் கட்ட வேண்டும். சந்தாதாரர் இறந்தால் அதே தொகை வாழ்க்கைத்துணைக்குத் தொடர்வது இதன் சிறப்பு. ஆனால் பணவீக்கம் ஆண்டுக்கு 6 விழுக்காடாக இருப்பின், 18 வயதில் சேர்ந்தவர் 42 ஆண்டுகளுக்குப் பின் பெறும் 5,000 ரூபாய், இன்றைய விலைவாசியில் ஏறக்குறைய 430 ரூபாய்க்கே சமமாகும். இத்திட்டத்தில் சேர்வது நன்று; சேர்ந்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடுவதே ஆபத்து.

4. ஊதியத்தோடு பிணைந்த உரிமைகள்

தொழிலாளர் வருங்கால வைப்புநிதியில், அதாவது பி.எஃப். கணக்கில், தொழிலாளி தம் அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் 12 விழுக்காட்டைச் செலுத்த, நிறுவனமும் அதே அளவு செலுத்துகிறது. நிறுவனத்தின் பங்கில் 8.33 விழுக்காடு, 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாயாக உள்ள ஊதிய உச்சவரம்புக்கு உட்பட்டு, 1995-ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. குறைந்தது 10 ஆண்டுகள் பணியாற்றியவருக்கு 58 வயதில் இந்த ஓய்வூதியம் தொடங்கும். ஓய்வூதியத்துக்குரிய ஊதியத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதத் தொகை கிடைக்கும். 20 ஆண்டுகளோ அதற்குமேலோ பணியாற்றியவருக்கு 2 ஆண்டுகள் கூடுதலாகச் சேர்க்கப்படும். 33 ஆண்டுப் பணியோடு இந்த 2 ஆண்டுகளையும் சேர்த்து, முழுக் காலமும் 15,000 ரூபாய் அடிப்படையில் கணக்கிடுவதாகக் கொண்டால், கிடைப்பது மாதம் 7,500 ரூபாய்.

நூற்பாலை, பின்னலாடை போன்ற தொழில்களில் அடிக்கடி நிறுவனம் மாறுவோர், ஒவ்வொரு முறை விலகும்போதும் பி.எஃப். பணத்தையும் ஓய்வூதியப் பணத்தையும் எடுத்துவிடும் வழக்கம் இந்த உரிமையை வேரோடு பறிக்கிறது. ஒரு நிறுவனத்தில் 6 ஆண்டுகளும் அடுத்ததில் 5 ஆண்டுகளும் உழைத்தவர், முதற்கணக்கை மாற்றிக்கொண்டு தொடர்ந்திருந்தால் 11 ஆண்டுப் பணிக்கு வாழ்நாள் ஓய்வூதியம் பெறுவார். முதற்கணக்கின் ஓய்வூதியப் பணத்தை எடுத்திருந்தால் 5 ஆண்டுகளே மிஞ்சித் தகுதியை இழப்பார். எனவே ஒரே பொதுக் கணக்கு எண்ணின் கீழ் பழைய கணக்கைப் புதியதோடு இணைப்பதே முறை.

பணி முடிவில் கிடைக்கும் பணிக்கொடை, நிறைவுசெய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் வழங்கப்படுகிறது. பொதுவாக இதற்கு 5 ஆண்டுத் தொடர் பணி வேண்டும். கடைசி ஊதியம் 26,000 ரூபாய் என்றால், மாதத்தை 26 வேலைநாளாகக் கொள்ளும் விதிப்படி, ஆண்டுக்கு 15,000 ரூபாயாகவும் 20 ஆண்டுப் பணிக்கு 3 லட்சமாகவும் அது அமையும்.

5. சொந்தச் சேமிப்பு: எவ்வளவு வேண்டும்?

வருமானம் உள்ள பருவத்தில் சேர்த்து, இல்லாத பருவத்தில் செலவழித்து, வாழ்நாள் முழுவதும் நுகர்வை ஏறக்குறையச் சீராக வைத்திருக்க மனிதர் முயல்வர் என்பது பிராங்கோ மொடிக்லியானி வகுத்த வாழ்க்கைச் சுழற்சிக் கோட்பாடு. 1985-இல் அவர் பொருளியலுக்கான நோபல் பரிசு பெறுவதற்கு இது முக்கியக் காரணமாயிற்று. கோட்பாடு எளிது, எத்தனை ஆண்டு வாழ்வோம், விலைகள் எவ்வளவு உயரும் என்ற இரு கேள்விகளே கணக்கைக் கடினமாக்குகின்றன.

சேமிப்பின் வட்டி, வரி போக, பணவீக்கத்துக்குச் சமமாக இருக்கும் என்று கொள்வது முதற்கணக்குக்குப் பொருத்தமானது. அப்போது தேவைப்படும் ஓய்வுகால நிதி, ஆண்டுச் செலவை வாழவிருக்கும் ஆண்டுகளால் பெருக்கினால் வருவதாகும். 60 வயதில் மாதம் 20,000 ரூபாய் செலவுள்ள தம்பதிக்கு ஆண்டுச் செலவு 2.4 லட்சம், 25 ஆண்டுகளுக்கு 60 லட்சம். 6 விழுக்காட்டுப் பணவீக்கத்தில் அதே 20,000 ரூபாய்ச் செலவு 72 வயதில் 40,000 ரூபாயாகவும் 80 வயதில் ஏறக்குறைய 64,000 ரூபாயாகவும் உயரும் என்பதைக் கண்டால், இத்தொகை மிகையன்று என்பது விளங்கும்.

இந்த 60 லட்சத்திலிருந்து, உறுதியான ஓய்வூதியங்களின் மதிப்பைக் கழிக்க வேண்டும். மாதம் 7,500 ரூபாய் 25 ஆண்டுகளுக்குக் கிடைத்தால் மொத்தம் 22.5 லட்சம் என்று கழிப்பது பிழை. தொகை உயராமல் நிற்பதால் அதன் வாங்கும் திறன் 12 ஆண்டுகளில் பாதியாகிவிடுகிறது. 60 வயதின் விலைவாசியில் அதன் மதிப்பு ஏறக்குறைய 11½ லட்சமே. மீதி 48½ லட்சத்தைச் சேமிப்பும் பிள்ளைகளும் சேர்ந்து ஈடுசெய்ய வேண்டியிருக்கும். சொந்த வீடு இருப்பின் வாடகைச் செலவு நீங்குவதால் இந்தச் சுமை கணிசமாகக் குறையும்.

சேமிப்பைத் தொடங்கும் வயதும் முக்கியம். மாதம் 5,000 ரூபாயை 8 விழுக்காட்டு வட்டியில் 30 வயது முதல் 60 வரை சேர்த்தால் ஏறக்குறைய 74½ லட்சம் ஆகும். 45 வயதில் தொடங்கினால் 17 லட்சத்துக்குச் சற்று மேல்தான். ஆனால் அந்த 74½ லட்சமும், 30 ஆண்டுப் பணவீக்கத்தைக் கழித்தால், இன்றைய மதிப்பில் 13 லட்சமே. மாதச் சேமிப்பையும் ஆண்டுதோறும் 6 விழுக்காடு உயர்த்திவந்தால் இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 24 லட்சம் சேரும். ஊதியம் உயரும்போதெல்லாம் சேமிப்பும் உயர வேண்டும் என்ற விதி, எந்தத் திட்டத்தைத் தேர்வது என்ற கேள்வியைவிடப் பெரிது.

6. சேர்த்த பணத்தை மாத வருமானமாக்குதல்

ஓய்வுக்குப் பின் பணத்தை மூன்றாகப் பிரிப்பது நலம். உணவு, மின்கட்டணம், மருந்து ஆகிய தவிர்க்க முடியாத செலவுகளுக்கு வாழ்நாள் முழுவதும் வரும் வருமானம் வேண்டும். ஓய்வூதியமும் ஆன்யூட்டியும் இதற்கு உரியவை. ஆன்யூட்டி என்பது, ஒரு பெருந்தொகையைக் காப்பீட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்து, உயிருள்ளவரை மாதந்தோறும் குறித்த தொகை பெறும் ஒப்பந்தமாகும். இதில் வாழ்க்கைத்துணைக்கும் தொடரும் வகையைத் தேர்வதே பொருத்தம்.

அடுத்த சில ஆண்டுகளின் செலவுக்கு அரசு உறுதியுள்ள வைப்புகள் ஏற்றவை. 60 வயது கடந்தோர் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை 5 ஆண்டுகளுக்கு வைக்கலாம். 2023 ஏப்ரலில் இதன் வட்டி 8.2 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அரசு காலாண்டுதோறும் வட்டியை அறிவித்தாலும், கணக்கு தொடங்கிய நாளின் வட்டியே 5 ஆண்டுகளுக்கும் நிலைக்கும். 8.2 விழுக்காட்டில் 10 லட்சத்துக்குக் காலாண்டுக்கு 20,500 ரூபாய் கிடைக்கும். இதை முழுவதும் செலவழித்தால் முதலின் வாங்கும் திறன் தேயும் என்பதால், இயன்றவரை ஒரு பகுதியை மீண்டும் சேமிக்க வேண்டும். மூன்றாவது பகுதி, 10 ஆண்டுகளுக்கு அப்பால் தேவைப்படும் பணம். இதில் ஓரளவைப் பங்குசார்ந்த பரஸ்பர நிதியில் வைப்பது பணவீக்கத்தைத் தாங்க உதவும்.

மிகுதியான வட்டி தருவதாகக் கூறும் நிதி நிறுவனங்களை முதியோர் முற்றிலும் தவிர்க்க வேண்டும். அத்தகைய நிறுவனங்களில் வைப்பீட்டாளர் இழந்த பணத்தை மீட்கவே 1997-இல் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. வங்கி வைப்புகளுக்கும் ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டியோடு சேர்த்து, 5 லட்சம் ரூபாய் வரையிலான காப்பீட்டையே முழு உறுதியாகக் கொண்டு, பெருந்தொகையைப் பல வங்கிகளில் பிரித்து வைப்பது நன்று.

7. வீட்டை எழுதிக்கொடுக்கும் முன்

சொத்தைப் பிள்ளைகளுக்கு மாற்றும் இரு வழிகளின் வேறுபாட்டை ஒவ்வொரு முதியவரும் அறிந்திருக்க வேண்டும். உயில், எழுதியவரின் மரணத்துக்குப் பின்னரே நடப்புக்கு வருவதால் எப்போது வேண்டுமானாலும் மாற்றத்தக்கது. தான செட்டில்மெண்ட் பதிவானவுடனேயே உரிமை கைமாறிவிடுவதால், பின்னர் மனம் மாறினாலும் தாமாக ரத்துசெய்வது அரிது. பெற்றோரிடம் பிள்ளைகள் காட்டும் கவனத்துக்கும் பெற்றோர் கையிலிருக்கும் சொத்துக்கும் தொடர்பு உண்டு என்பதை 1985-இல் பெர்ன்ஹைம், ஷ்லைஃபர், சம்மர்ஸ் ஆகியோரின் ஆய்வு அமெரிக்கத் தரவுகளிலிருந்து காட்டியது. பிள்ளைகளின் அன்பில் ஐயம் கொள்ள இது காரணமாகாது. பெற்றோரின் உரிமை நிலைத்திருக்கையில் உறவும் சமநிலையில் இருக்கும் என்றே இதைப் பொருள்கொள்ள வேண்டும்.

செட்டில்மெண்ட் எழுதியே தீர வேண்டிய நிலையில், வாழ்நாள் முழுவதும் அவ்வீட்டில் குடியிருக்கவும் அதன் வாடகையை அனுபவிக்கவும் தமக்கும் துணைக்கும் உள்ள உரிமையையும், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே தெளிவாக எழுத வேண்டும். 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவு, அத்தகைய நிபந்தனைக்கு உட்பட்டு மாற்றப்பட்ட சொத்தைப் பெற்றவர் பராமரிக்கத் தவறினால் அம்மாற்றத்தைச் செல்லாததாக்க வழிசெய்கிறது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தை முதியோர் நலனை முன்னிறுத்தித் தாராளமாகப் பொருள்கொண்டது. எனினும் வழக்கின்றி வாழ, எழுதப்பட்ட நிபந்தனையே சிறந்த காப்பு.

8. பெண்களின் முதுமையும் மருத்துவச் செலவும்

பெண்கள் ஆண்களைவிட நெடிது வாழ்வதாலும், தம்மைவிட வயதில் மூத்தவரை மணப்பதாலும், முதுமையின் கடைசி ஆண்டுகளைக் கைம்மை நிலையில் கழிப்போர் பெரும்பாலும் பெண்களே. வாழ்நாளெல்லாம் ஊதியமின்றி உழைத்தவருக்குத் தம் பெயரில் ஓய்வூதியம் இருப்பதில்லை, கணவரின் பி.எஃப். ஓய்வூதியத்தில் பொதுவாகப் பாதி மட்டுமே அவருக்குத் தொடர்கிறது. ஒருவர் மறைந்ததும் வருமானம் பாதியாகலாம். குடும்பச் செலவு பாதியாவதில்லை. ஆகவே மேற்கண்ட கணக்கைத் தம்பதிக்கு ஒருமுறையும், மனைவி தனித்து வாழும் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் போட வேண்டும். வைப்புகளில் ஒரு பகுதி மனைவியின் பெயரில் இருப்பதும், மற்றவை எஞ்சியிருப்பவர் தடையின்றி எடுக்கத்தக்க கூட்டுக் கணக்காக இருப்பதும், அவரே வங்கிக்குச் சென்றுவரப் பழகியிருப்பதும் இன்றியமையாதவை.

மருத்துவச் செலவுக்குத் தனி நிதி வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு 5 லட்சம் வரை உதவுகிறது. 70 வயது நிறைந்தோர் அனைவருக்கும் வருமான வரம்பின்றி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரையிலான காப்பீட்டை மத்திய அரசு 2024 அக்டோபரில் விரிவுபடுத்தியது. இவை மருத்துவமனைச் சிகிச்சைக்கு உரியவை. மாதாந்திர மாத்திரைகளும் வீட்டில் உதவியாளரின் சம்பளமும் இவற்றில் அடங்கா. சர்க்கரை நோய்க்கும் இரத்தக்கொதிப்புக்கும் உரிய மருந்துகளை வீட்டுக்கே கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பதிவுசெய்துகொள்வது இச்சுமையைக் குறைக்கும்.

9. வயதுவாரியாகச் செய்ய வேண்டியவை

1. 40 வயதுக்குள்: பி.எஃப். கணக்கு, நல வாரியப் பதிவு, அடல் ஓய்வூதியம் ஆகியவற்றுள் பொருந்துவதில் கணவன், மனைவி இருவரும் தனித்தனியே சேர்ந்து, இடையில் பணத்தை எடுக்காதிருக்க வேண்டும்.

2. 40 முதல் 55 வரை: பிள்ளைகளின் கல்விக்கும் திருமணத்துக்கும் ஒதுக்கும் நிதியிலிருந்து ஓய்வுகால நிதியைப் பிரித்து வைக்க வேண்டும். கல்விக்குக் கடன் கிடைக்கும். முதுமைச் செலவுக்குக் கடன் தருவோர் இல்லை.

3. 55 முதல் 60 வரை: கடன்களை முடித்து, பி.எஃப். பதிவில் பெயர், பிறந்த தேதி, நியமனதாரர் விவரங்களைச் சரிபார்த்து, ஐந்தாம் பகுதியில் கண்ட கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

4. 60 முதல் 75 வரை: பணத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, உயில் எழுதி, பிள்ளைகளோடு வெளிப்படையாகப் பேசி, ஓய்வூதியதாரர்கள் ஆண்டுதோறும் உயிர்ச்சான்று அளித்துவர வேண்டும்.

5. 75 வயதுக்கு மேல்: கணக்குகளின் எண்ணிக்கையைக் குறைத்து, நம்பத்தக்க ஒருவருக்கு விவரங்களைத் தெரிவிக்க வேண்டும், ஆனால் கணக்கின் உரிமையையும் இறுதி முடிவையும் முதியவரே வைத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றுள் எதுவும் தனித்து நின்று ஒரு முதுமையைத் தாங்கப் போதாது. சிறிய ஓய்வூதியம், மிதமான சேமிப்பு, தன் பெயரில் ஒரு வீடு, முறையாக உதவும் பிள்ளைகள் ஆகியவை சேரும்போதுதான் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. தமக்கென ஒரு வருமானத்தைத் தேடி வைத்திருக்கும் பெற்றோர், பிள்ளைகளின் மீதுள்ள சுமையைக் குறைப்பதோடு, அவர்கள் மனமுவந்து தருவதைத் தயக்கமின்றிப் பெறவும் முடிகிறது.